அப்பாவோடும் தம்பியோடும் கூரை ஏறுவதற்கு முன்

கூலிக்கு வந்த ஆள் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னைக்குக் காத்து சரியில்ல, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு நம்மிடம் முகதாட்சண்யம் கிடையாது. வீட்டு ஆட்களுக்கு அப்படியா? அப்பா ஏணியில் கால் வைத்துவிட்டால் மகனும் ஏறித்தான் ஆக வேண்டும். மச்சான் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டால், மேகம் கட்டி நின்றாலும் வேலையைத் தொடங்கித்தான் ஆக வேண்டும். "தலை சுத்துது" என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் ஆயுசுக்கும் கேலி. குடும்பமாகக் கூரை வேலை பார்ப்பதில் இருக்கும் ஆபத்தில் பாதி இதுதான், மீதிதான் உயரம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்கிவிட்டுத் தகர ஷீட் போடும் வேலையை வீட்டு ஆட்களை மட்டுமே வைத்துச் செய்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு நாள் இழுத்தது, சில ஷீட்டுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தோம், இரண்டு பேர் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இதில் பெரும்பாலானவற்றை யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

முதல் விஷயம், யார் மேலே ஏறுவது என்பதை ஏணி அடியில் நின்று முடிவு செய்யக் கூடாது. முதல் நாள் இரவே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். மேலே ஒரே நேரத்தில் இரண்டு பேர் போதும். ஏணிக்கு ஒருவர், கீழே ஷீட் எடுத்துக் கட்டிவிட ஒருவர். மேலே போகிறவரைத் தேர்ந்தெடுக்க வயதோ தைரியமோ அளவுகோல் இல்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். சளிக்குப் போடும் சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். பலரும் யோசிக்காத ஒன்று, கீழ்ப்பாதியில் படிப்பதற்கான பவர் உள்ள கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு காலடியைப் பார்த்தால் ஏணிப் படியும் ஷீட் ஓரமும் மங்கித்தான் தெரியும். இதையெல்லாம் எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். உயரம் பயம் என்று சொல்பவரைக் கட்டாயப்படுத்தி ஏற்றாதீர்கள். பயந்தவர் மேலே போய் உறைந்து நின்றால், அவரை இறக்குவது ஷீட் போடுவதைவிடப் பெரிய வேலை.

பெரியவரைக் கீழே நிறுத்துவது தனிக் கலை. "நீங்க சும்மா உக்காருங்கப்பா" என்றால் அடுத்த நிமிடம் அவர் ஏணியில் இருப்பார். அவருக்கு உண்மையான வேலை கொடுக்க வேண்டும். அளவுத் தாள் அவர் கையில், ஷீட் வெட்டுவதற்கு முன் அவர் தலையசைக்க வேண்டும், ஸ்க்ரூவை எண்ணிப் பையில் போட்டு அனுப்புவது அவர் பொறுப்பு, கூரைக்கு அடியில் யாரும் நடமாடாமல் பார்ப்பது அவர் அதிகாரம். இவை ஒப்புக்குக் கொடுக்கும் வேலைகள் இல்லை, யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டியவை. அதோடு இன்னொரு ஒப்பந்தமும் வேண்டும். மேலே இருக்கும் இருவரில் ஒருவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, அவர் வயதில் சிறியவராக இருந்தாலும். அதே சமயம் "நிறுத்து" என்று யார் சொன்னாலும், சின்னப் பையன் சொன்னாலும், எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும். காரணத்தை இறங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது அளவு. எங்களுக்குப் பணம் போனது இங்கேதான். பெரியவர்களுக்கு அடி, அங்குலம். பிள்ளைகளுக்கு மீட்டர், மில்லிமீட்டர். ஷீட் விற்கும் இடத்துக் கணினிக்கு அடியும் புள்ளியும். மேலிருந்து டேப் பிடித்தவர் "பன்னெண்டு பதினொண்ணு" என்று கத்தினார், கீழே இருந்தவர் போனில் 12.11 என்று தட்டி அனுப்பினார். 12 அடி 11 அங்குலம் என்பது 3.94 மீட்டர். 12.11 அடி என்பது 3.69 மீட்டர்தான். ஒவ்வொரு ஷீட்டும் கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் குட்டை. தண்ணீர் சுவருக்கு வெளியே விழ வேண்டிய நீட்டல் மொத்தமும் அதில் காணாமல் போனது. அளந்து வெட்டிய ஷீட்டை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். துண்டு ஷீட் வாங்கி ஒட்டுப் போட்டதில் கூடுதல் ஸ்க்ரூ, கூடுதல் ஒட்டு டேப், கூடுதல் ஓவர்லேப். யார் மேல் தவறு என்ற பஞ்சாயத்து தனி. அதனால் சொல்கிறேன், வீட்டில் ஒரே அலகு. முடிந்தால் எல்லாமே மில்லிமீட்டர். அதில் புள்ளியும் கிடையாது, அடி-அங்குலக் குழப்பமும் கிடையாது. கத்திச் சொன்ன அளவை நம்பாமல் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, கூரையின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய கட்டடத்தில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

ஏணியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஏணி சாயும் இடம் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏணியின் கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று. இதைவிடக் கிட்டே வைத்தால் ஏறுபவரோடு பின்னால் சாயும், தள்ளி வைத்தால் கால் வழுக்கும். ஏணியின் தலை கூரை ஓரத்துக்கு மேல் ஒரு மீட்டராவது நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஏணியிலிருந்து கூரைக்கு மாறும் அந்த ஒரு அடிதான் ஏணி வேலையிலேயே மோசமான இடம், அப்போது பிடிக்க ஏதாவது வேண்டும். தலையைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். தம்பி அடியில் பிடித்திருக்கிறான் என்பது கட்டியதற்குச் சமம் இல்லை. அவனுக்குப் போன் வரும், அம்மா கூப்பிடுவாள், கொசு கடிக்கும். தண்ணீர் வடியும் தகரக் குழாய் மேல் ஏணியைச் சாய்க்காதீர்கள், அது நெளிந்து பக்கவாட்டில் ஓடும். ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்கு. டிரில்லிங் மிஷின், ஸ்க்ரூ பை எல்லாம் கயிற்றில் கட்டித் தூக்க வேண்டியவை. பக்கத்தில் மின்கம்பி போனால் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம், ஏணியும் ஷீட்டும் கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் வரவே கூடாது. நீளமான தகர ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது அதன் மறுமுனை எங்கே போகிறது என்பதைத் தூக்குபவர் பார்க்க மாட்டார். கீழே நிற்பவர்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் கூரையைத் தொட்டபடி போனால் அதை மின்துறையிடம் சொல்லித் துண்டித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி பழைய ஷீட். "போல்ட் வரிசை மேல மிதிச்சா ஒண்ணும் ஆகாது, நாங்க அந்தக் காலத்துல நடந்திருக்கோம்" என்ற வாக்கியத்தை எல்லா வீட்டிலும் ஒரு மாமா சொல்வார். போல்ட்டுக்குக் கீழே பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், இருக்கிறது என்பது சரிதான். ஆனால் அந்தப் பர்லின் அகலம் ஒரு பாத நீளம்கூட இல்லை. கொஞ்சம் வழுக்கினால், கையை ஊன்றினால், பின்னால் உட்கார்ந்தால் எடை பர்லினைத் தாண்டிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வளையாது, முனகாது, எச்சரிக்காது. உடையும்போது ஒரேயடியாக உடையும். அந்தக் காலத்தில் நடந்த ஷீட் புதியது என்பதையும் மாமா மறந்துவிடுவார். அதைவிட மோசமானது வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட பிளாஸ்டிக் ஷீட். வெயிலில் காய்ந்து பொரித்த அப்பளமாக இருக்கும், தூசியும் பாசியும் படிந்து பக்கத்து ஷீட்டிலிருந்து நிறமே பிரித்துச் சொல்ல முடியாது. வேலையைத் தொடங்குவதற்கு முன் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் வரும் இடம் ஒவ்வொன்றையும் வரைந்துகொள்ளுங்கள், மேலே ஏறியதும் அவற்றைப் பலகை போட்டு மறையுங்கள்.

பழைய ஷீட் மேல் மிதிக்காமலே முடிப்பதுதான் நல்ல வழி. உள்ளே சாரம் கட்டி, ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டைக் கீழிருந்தே அறுத்து, ஷீட்டைத் தூக்கி இறக்கலாம். அது முடியாவிட்டால் மூன்று பர்லினையாவது தாண்டிப் படுக்கிற நீளத்துக்குத் தடித்த பலகை, குறைந்தது இரண்டு செட் வேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு அடுத்ததை நகர்த்த வேண்டும் என்பதால் ஒரே பலகை இருந்தால் போதாது. பலகை நழுவாமல் கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும். ஒரு பலகையில் ஒரு ஆள்தான். தம்பி பென்சில் கொடுக்க வந்தாலும் அவனுக்கு வேறு பலகை.

ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி இன்னொன்று. உயரத்திலிருந்து விழுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து, இதன் தூசி தெரியாத ஆபத்து. பல நாடுகளில் இதை உரிமம் உள்ளவர்கள்தான் கழற்ற வேண்டும் என்பது சட்டம், உங்கள் ஊரில் என்ன விதி என்று முதலில் கேளுங்கள். பணம் இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. நீங்களே செய்வதென்றால் ஷீட்டை உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, துளையிடக் கூடாது, மேலிருந்து போடக் கூடாது. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து மெதுவாகத் தெளித்து ஈரமாகவே வைத்துக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். சாதாரணத் துணி முகமூடி பயன்படாது, நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) தரத்தில் முகத்தோடு ஒட்டி நிற்கும் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது ஒட்டாது. துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் கட்டிவிட வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமனில் 3 மீட்டர் ஷீட் ஒன்று 40 கிலோவைத் தாண்டும், ஒருவர் கையாள முடியாது. குடும்பம் என்பதால் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது உடுப்பு. ஆலையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு வீட்டுக்கு வந்தவர்களின் மனைவிமார், அந்தத் துணியைத் துவைத்தவர்கள், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கு ஆளானது 1965ல் வெளியான லண்டன் ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. அவர்கள் வருடக்கணக்கில் தூசியைச் சுவாசித்தவர்கள், ஒரு நாள் வேலை அதற்குச் சமம் இல்லைதான். இருந்தாலும் அந்தச் சட்டையோடு போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். கிழிந்த பழைய துணியில் வேலை செய்துவிட்டு அதையே ஷீட்டோடு சேர்த்துக் கட்டி ஒழித்துவிடலாம்.

விழுவதைப் பற்றிப் பேசியாக வேண்டும். 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் முக்கால் நொடியில் தரையைத் தொடுகிறார், அப்போது வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். இந்த நேரத்துக்குள் பக்கத்தில் நிற்பவரால் கையை நீட்டக்கூட முடியாது. நீட்டினால் இரண்டு பேரும் போவார்கள். சொந்தத் தம்பி சறுக்கும்போது நீட்டாமல் இருக்க யாராலும் முடியாது என்பதுதான் பிரச்சினை. ஆகவே ஓரத்துக்கே போக முடியாதபடி கட்டிக்கொள்வதுதான் வழி. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் வழக்கமான பெல்ட் கயிறு 1.8 மீட்டர், விழும்போது அதிலுள்ள அதிர்வு தாங்கி பிரிந்து இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும், அதற்குக் கீழே உங்கள் உடம்பு ஒன்றரை மீட்டர், அதற்கும் கீழே கொஞ்சம் இடைவெளி. எல்லாம் சேர்த்து ஐந்தரை மீட்டர் ஆகிவிடுகிறது. ஒரு மாடி உயரக் கூரையில் அந்தக் கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் நீங்கள் தரையில் இருப்பீர்கள். தாழ்ந்த கூரைக்கு வேண்டியது விழுந்த பிறகு பிடிக்கும் கயிறு இல்லை, ஓரத்துக்கு ஒரு அடி முன்னாலேயே நிறுத்திவிடும் அளவுக்குக் குட்டையான கயிறு. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, தோளும் தொடையும் சேர்ந்த முழு உடல் ஹார்னஸ்தான். கயிற்றை முதன்மை இரும்புச் சட்டத்திலோ உத்தரத்திலோ, ஆளுக்கு ஒரு தனி இடத்தில் கட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய், டிவி கம்பம், கைப்பிடிச் சுவரின் செங்கல் தூண் இவை எதுவும் ஆகாது. மச்சான் கீழே நின்று கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்திருப்பது வெறும் ஆறுதல்தான், பாதுகாப்பு இல்லை. ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வது அதைவிட மோசம்.

ஷீட் ஏற்றுவது சுலபமாகத் தெரியும். 0.5 மில்லிமீட்டர் தடிமனில் 12 அடி தகர ஷீட் சுமார் 17 கிலோதான், ஒருவரே தூக்கிவிடலாம். காற்று வந்தால் அதே ஷீட் பாய்மரம். தூசியும் காகிதமும் பறக்கத் தொடங்கி, மரத்தின் சிறு கிளைகள் ஆடினால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது ஷீட் ஏற்றுவதை நிறுத்திவிட்டு ஸ்க்ரூ அடிக்கும் வேலையைப் பாருங்கள். சாய்த்து வைத்த இரண்டு மரச்சட்டத்தின் மேல் ஷீட்டை வைத்து, மேலிருந்து இரண்டு கயிறு போட்டு இழுக்க வேண்டும், கீழே ஒருவர் மூன்றாவது கயிற்றால் ஆடாமல் பிடிக்க வேண்டும். காற்று பிடுங்கினால் மேலே உள்ளவர் ஷீட்டை விட்டுவிட வேண்டும். இதை முன்கூட்டியே சத்தமாகச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் "காசு போகுதே" என்று பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இழுக்கும்போது பின்னால் நடக்கக் கூடாது. நூல் பிடிக்கும்போதும் அப்படியே. கூரையில் பின்னோக்கி எடுத்து வைக்கும் அடி எதுவுமே நல்லதில்லை. ஏற்றிய ஷீட்டை எல்லாம் ஒரே இடத்தில் அடுக்காமல் டிரஸ், அதாவது பர்லின்களைத் தாங்கும் பெரிய சட்டம், அதன் மேல் வருகிற மாதிரி பிரித்து வைத்துக் கட்டுங்கள்.

முதல் ஷீட்தான் மொத்தக் கூரை. அது கொஞ்சம் சாய்ந்து ஒவ்வொரு ஷீட்டிலும் 5 மில்லிமீட்டர் கூடினால், இருபதாவது ஷீட்டில் 100 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்து நிற்கும். மூலையில் ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்து, குறுக்கே சரியாக 5 மீட்டர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் ஸ்க்ரூ. மழைக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்குமோ அதற்கு எதிர் ஓரத்திலிருந்து தொடங்கினால் ஓவர்லேப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும், மழை உள்ளே ஏறாது. நீள வாக்கில் ஷீட் மேல் ஷீட் வந்தால் 150 முதல் 200 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். சரிவு குறைவான கூரையில் அதற்கும் மேல், நடுவில் பியூட்டைல் டேப் என்ற ரப்பர் ஒட்டு டேப்பும் வேண்டும். கூரையின் கீழ் ஓரமான இறவாரத்திலும் உச்சியான முகட்டிலும் காற்று தூக்கும் விசை அதிகம், அங்கே ஷீட் நெளிவின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஸ்க்ரூ. நடுப் பர்லின்களில் ஒன்று விட்டு ஒன்று பலருக்கும் போதுமானதாக இருக்கும், ஆனாலும் ஷீட் கம்பெனித் தாளில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

ஸ்க்ரூவில்தான் வீட்டு ஆட்களின் கைவண்ணம் தெரியும். 5.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவின் தலைக்கு 8 மில்லிமீட்டர் சாக்கெட். புது பிட்டாக வாங்குங்கள், தேய்ந்தது தலையை விட்டு வழுக்கும், வழுக்கும்போது ஆளும் வழுக்குவார். ரப்பர் வாஷர் மேலே உள்ள உலோகத் தட்டின் ஓரத்தில் மெல்லிசாக எட்டிப் பார்க்கும் அளவுக்கு இறுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம். பலசாலி மச்சான் முழு வேகத்தில் விட்டால் ரப்பர் பிதுங்கிக் கிழியும், அல்லது மேடே அமுங்கிச் சுற்றிலும் குழி விழும், அதில் தண்ணீர் நிற்கும். தளர்வாக விட்டாலும் ஒழுகும். சாய்வாக இறங்கினால் வாஷரின் ஒரு பாதிதான் அமரும். பர்லினில் படாமல் வெறுமனே சுற்றும் ஸ்க்ரூவை அப்படியே விட்டுவிட்டு "அது பரவால்ல" என்று நகர்வதுதான் முதல் மழையில் ஒழுகும் இடம். அதைக் கழற்றி, சரியான இடத்தில் புதிதாக அடித்து, பழைய ஓட்டையை நியூட்ரல் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் துத்தநாகப் பூச்சை அரிக்கும், அதை வாங்காதீர்கள். ஷீட்டைக் கட்டிங் மிஷினில் அறுப்பதும் வேண்டாம், வெட்டின ஓரத்தில் பூச்சு கருகி அங்கிருந்து துரு தொடங்கும். தகரக் கத்தரி நேரம் எடுக்கும், ஆனால் ஓரம் நிலைக்கும். இன்னும் ஸ்க்ரூ அடிக்காத ஷீட் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் மிதித்தால் மறுபக்கம் எழும்பி ஆளோடு கீழே போகும். ஸ்க்ரூ அடித்த ஷீட்டில் பர்லின் வருகிற வரிசையில், பள்ளத்தில், தட்டையான ரப்பர் அடி உள்ள ஷூவோடு நடக்கலாம். பனி காயாத காலையில் அதுவும் கூடாது.

வெயில் சண்டை கிளப்பும், இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நேரடி வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும், பளபளக்கும் ஷீட் கண்ணைக் கூச வைக்கும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் நிழலில் சும்மா நிற்பதாகத் தோன்றும். கீழே இருப்பவருக்கு மேலிருந்து அதட்டுகிறார்கள் என்று தோன்றும். பழைய கணக்கெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கூச்சலில் சொல்லும் வார்த்தை காதில் விழாது, விழுந்தாலும் "விடு" என்பது "இரு" என்று கேட்கும். எனவே நான்கைந்து சொற்களும் கைச் சாடைகளும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தூக்கு, இறக்கு, நிறுத்து, விட்டுட்டேன், பிடிச்சுட்டேன். கடைசி இரண்டும் முக்கியம். ஒருவர் "பிடிச்சுட்டேன்" என்று சொல்லாமல் மற்றவர் விடக் கூடாது. பனி காய்ந்ததும் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஏறுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் முக்கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்வை நின்று, தலைவலி வந்து, பேச்சு குழறினால் அது களைப்பு இல்லை, உடனே இறக்கி நனைத்துக் குளிர வைத்து ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நிலை. "இன்னும் ரெண்டு ஷீட்தான்" என்ற வாக்கியம் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே அன்றைய வேலையை முடித்துவிடுங்கள். எங்கள் கூரையில் கோணலாக உட்கார்ந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் அடித்தவை.

யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஏறுவதற்கு முன் பேசிவையுங்கள். குடும்பத்தில் எல்லோரும் ஓடிவந்து தூக்கி உட்கார வைப்பார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், ஆட்டோவில் மடக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி இருந்தால் அந்தத் தூக்கலே காலை முடக்கிவிடும். எழுந்து நடக்க விடாமல், தலையை இரண்டு பக்கமும் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்தம் கொட்டினால் அழுத்திப் பிடிக்க வேண்டும், வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும், தொடைப் பட்டை ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். அதற்காகவே இரண்டாவது ஏணி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். போன் செய்வது இன்னார் என்று ஒரு பெயரை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

வேலை முடிந்த அன்று யாருக்கும் கூரையைப் பெருக்க மனம் வராது. ஆனால் ஸ்க்ரூ துளைத்த இரும்புத் தூள் ஒரு ராத்திரி பனியில் துருப்பிடித்துப் புது ஷீட் பூச்சில் கறையாக ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது. ஒவ்வொரு நாளும் மெல்லிய துடைப்பத்தால் பெருக்கி இறக்குங்கள். தரையில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் விழுந்த ஸ்க்ரூவெல்லாம் வரும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்காக இதைச் செய்ய வேண்டும். மழைக்குக் காத்திருக்காமல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். முகட்டில் தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இறவாரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டுவிட்டு மேலே நகர வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று சொட்டு விழும் இடத்தில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். அந்த வேலைக்கு அப்பாவை விடுங்கள், ஒரு சொட்டுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.